தோரணம் யார் தைப்பது?

கேள்வி: முன்பெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் என் மனைவி துணியில் தோரணம் தைப்பார், வாழ்த்து அட்டையைத் தன் கையாலேயே செய்வார். வீடே கலகலவென்று இருக்கும். இப்போது எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிடுகிறார். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள். இல்லறத்தின் எளிய சந்தோஷங்களெல்லாம் எங்கே போய்விட்டன?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மனைவி தைப்பார், மனைவி செய்வார், மனைவி வாங்கிவிடுகிறார், பிள்ளைகள் கிடக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு வினைச்சொல் இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் ஒன்றையும் காணோம்.

எளிய சந்தோஷம் என்கிறீர்கள். பார்க்கிறவருக்கு எளியதுதான். அந்தத் தோரணத்தையே எடுத்துக்கொள்வோம். நீளம் 3 மீட்டர். முக்கோணத்தின் அகலம் 15 செ.மீ., நடுவில் 5 செ.மீ. இடைவெளி என்றால் 15 முக்கோணம் வேண்டும். இரட்டைத் துணி என்பதால் 30 துண்டு வெட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் ஓட்டுத் தையல் போட்டு, உள்வெளியாகத் திருப்பி, முனையைக் குச்சியால் தள்ளி, இஸ்திரி போட்டு, நாடாவில் கோத்துத் தைக்க வேண்டும். கை பழகியவருக்கே ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தால் மொத்தம் இரண்டரை மணி நேரம். துணி தேடியது, சிதறிய நூலைப் பெருக்கியது எல்லாம் கணக்கில் இல்லை. அந்த இரண்டரை மணி நேரம் அவருக்கு எப்போது கிடைத்திருக்கும்? பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி, நீங்கள் தூங்கிய பிறகுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அவர் கடையில் வாங்குவதால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அலுத்துப்போயிருக்கலாம், நேரம் இல்லாமல் இருக்கலாம். தைப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்காமல்கூட இருந்திருக்கலாம். என்னிடம் கேட்டுவிட்டீர்கள். அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

சரி, உங்களுக்குத் தோரணம் வேண்டும், அவ்வளவுதானே? தையுங்கள். உங்களுடைய பழைய பருத்திச் சட்டைகள் போதும். காலரும் கையும் நைந்திருந்தாலும் முதுகுப் பக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; மடிப்பில்லாத பெரிய துணியும் அதுதான். ஓர் அட்டையில் முக்கோணம் வெட்டி, அதை வைத்து வரைந்துகொள்ளுங்கள். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்கினால் துணி வீணாகாது. தையலுக்கு என்று ஓரத்தில் 1 செ.மீ. விட மறக்காதீர்கள். முதல் தடவை நான் விடவில்லை. திருப்பிப் போட்டதும் முக்கோணங்கள் வரிசையாக வாயைப் பிளந்தன. திருப்புவதற்கு முன்னால் முனையில் உள்ள உபரித் துணியைத் தையலை ஒட்டிக் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நுனி கூராக வராமல் முண்டாக நிற்கும். தையல் கோணலாகப் போனால் போகட்டும். உயரத்தில் தொங்கும் தோரணத்தில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

அப்புறம் பிள்ளைகள். கைப்பேசியைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். கோடை தாராளமாகக் கொடுப்பது வெயில், அதை வைத்து ஒரு வேலை சொல்கிறேன். சயனோடைப் என்கிற நீல அச்சு. இரும்பு உப்புகள் பூசிய தாள். பூசியதாகவே விற்கிறார்கள், அதையே வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் படாத மூலையில் தாளை எடுத்து, அதன்மேல் ஓர் இலையையோ இறகையோ வைத்து, அசையாமல் இருக்கக் கண்ணாடியால் அமுக்கி வெயிலில் வையுங்கள். நல்ல உச்சி வெயிலில் சில நிமிடங்கள் போதும். மேகம் இருந்தால் கூடுதலாகும். பிறகு தண்ணீரில் அலசுங்கள். வெயில் பட்ட இடத்தில் நீலம் கரையாமல் ஒட்டிக்கொள்ளும், இலை மறைத்த இடத்தில் பூச்சு கழுவிப் போய் வெள்ளை விழும். ஈரத்தில் வெளிறித் தெரிகிற நீலம், காயக் காய ஆழ்ந்துகொண்டே போகும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் ஓடி ஓடி வருவார்கள். அந்தத் தாளை நான்காக வெட்டினால் நான்கு வாழ்த்து அட்டை.

இந்த முறையை 1842ல் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. அடுத்த ஆண்டே இதைக் கையில் எடுத்தவர் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி. கடல்பாசிகளை ஒவ்வொன்றாகத் தாளில் பரப்பி, வெயிலில் காட்டி, அலசி, பத்து ஆண்டுகள் பகுதி பகுதியாக ஒரு நூலை வெளியிட்டார். படம் ஒவ்வொன்றும் கையால் எடுத்த அச்சு. புகைப்பட முறையில் எடுத்த படங்களோடு வந்த முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். தன் முழுப்பெயரைப் போடாமல் முதலெழுத்துகளான ஏ.ஏ. என்று மட்டும் போட்டார். பின்னாளில் அதைப் பார்த்த ஒருவர், ‘அனானிமஸ் அமெச்சூர்’, அதாவது பெயர் தெரியாத கற்றுக்குட்டி, என்பதன் சுருக்கம் அது என்று முடிவுகட்டிவிட்டார்.

உங்கள் வீட்டில் இத்தனை வருஷம் தொங்கிய தோரணங்களில் ஒன்றாவது பெட்டியில் கிடக்கும். தேடி எடுங்கள். அதன் தையலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு உங்கள் முதல் முக்கோணத்தைத் தைக்கலாம், மாதிரிக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஊசியில் நூல் கோக்க வரவில்லை என்று அவரைக் கூப்பிடாதீர்கள், மூத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். தாளை அலசிய தொட்டியையும் நீங்களே கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.