ஓவியத்தில் இருக்கும் பெண்ணின் மனநிலையை எப்படிப் புரிந்துகொள்வது?

முகத்தை உற்றுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடாமல்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். முகத்தைச் சற்று விட்டுவிட்டு, அவள் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓவிய ஆசிரியராக இருந்த நான், இதை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கற்றுக்கொண்டேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை அவள். வாசற்படியில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தன் தாயைப் போஸ்டர் கலரில் வரைந்து போட்டிக்குக் கொடுத்திருந்தாள். 'வறுமையின் துயரம்' என்று நடுவர் உருகினார், இரண்டாம் பரிசும் கிடைத்தது, நானும் தலையாட்டினேன். திரும்பும் பேருந்தில் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா அழுவலைங்க சார், கணக்குப் போடறாங்க." சுருட்டி வைத்திருந்த தாளைப் பிரித்தேன். வலக்கைக் கட்டைவிரல் மோதிர விரலின் நடுக்கணுவில் அழுந்தியிருந்தது. மாங்காய் பறிக்கப் போன ஆறு நாளில் ஒரு நாளை மேஸ்திரி குறைத்துவிட்டாராம். சுண்டு விரலில் தொடங்கி, விரலுக்கு மூன்று கணுவாக எண்ணி வந்தவள் ஐந்தில் நிற்கிறாள். அந்தக் குனிந்த தலையில் இருந்தது, ஒரு நாள் கூலியையும் விட்டுக்கொடுக்காத கோபம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே 'பின்தங்கிய மாவட்டம்' என்ற சொல் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. எங்கள் பெண்கள் குனிந்தால் துயரம், நிமிர்ந்தால் ஏக்கம்! நடுவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை என்பது வேறு.

பார்ப்பவர் கொள்வதுதானே பொருள் என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். நான் முழுதாக மறுக்கவில்லை. ஆனால் டச்சு ஓவியர் வெர்மீர் 1657–59 அளவில் வரைந்த, சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள அந்தப் படத்தை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பின்னால் வெறும் சுவர். அதனால் நெடுங்காலம் அவளுடைய தனிமையைப் பற்றியே பேசினார்கள். 1979இல் எடுத்த எக்ஸ்ரே, அந்தச் சுவருக்கடியில் மேலைநாட்டு மன்மதனின் படமொன்று மறைந்திருப்பதைக் காட்டியது. மூடியிருந்த பூச்சு, வெர்மீர் இறந்த பிறகு வேறொருவர் பூசியது என்று பின்னர் தெரிந்ததும், அதைப் பொறுமையாகச் சுரண்டி நீக்கி 2021இல் காட்சிக்கு வைத்தார்கள். பொய்முகங்களை மிதித்துக்கொண்டு நிற்கிறான் மன்மதன். அவள் முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை. கையில் இருப்பது மட்டும் காதல் கடிதமாகிவிட்டது.

நீங்கள் பார்ப்பது எந்த ஓவியம் என்று சொல்லவில்லை. அவள் கையிலும் காலடியிலும் பின்சுவரிலும் என்னென்ன இருக்கின்றன, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று எழுதுங்கள். முகத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.