நாலு கிளைக்கு அப்புறம் பிரான்சைஸ் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா தொடங்கிய துரித உணவுக் கடையை நானும் தம்பியும் நடத்துகிறோம். இப்போது நான்கு கிளைகள், எல்லாமே அரை மணி நேரத் தொலைவுக்குள். வெளியூர்க்காரர் ஒருவர் பிரான்சைஸ் (எங்கள் பெயரிலும் முறையிலும் அவர் கடை நடத்தும் உரிமை) கேட்டு, முன்பணத்தோடு வருகிறார். கொடுக்கலாமா?

பதில்: அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நான்கில் ஒரு கடையின் சாவியையும் கல்லாவையும் மேலாளரிடம் கொடுத்துவிட்டு, குடும்பத்தில் யாரும் மூன்று மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள். விற்பனையும் ருசியும் பழையபடியே இருந்தால் பேச்சைத் தொடரலாம். தடுமாறினால், உங்களிடம் இருப்பது நல்ல கடைகள்தான். இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய முறை இன்னும் உருவாகவில்லை.

வறுக்கிற எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்ததும் "மாத்திடு" என்று தம்பி சொல்லிவிடுவார். அவர் இல்லாத ஊரில் யார் சொல்வது? திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருள்கள் (போலார் சேர்மங்கள்) எவ்வளவு என்று காட்டும் கையடக்கக் கருவி கிடைக்கிறது. 25 சதவீதத்தைத் தொட்டால் மாற்ற வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அந்த எண், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எந்தக் கரண்டியில் எத்தனை கிராம் என்பதெல்லாம் தாளில் வர வேண்டும். அப்பாவின் கைப்பக்குவத்தைத் தாளில் இறக்குவது சலிப்பான வேலைதான். ஆனால் நீங்கள் விற்கப்போவது அதைத்தான்.

மெக்டொனால்ட் சகோதரர்கள், அவர்கள் கடையைப் பின்னாளில் உலகெங்கும் பரப்பிய ரே கிராக் வருவதற்கு முன்பே பிரான்சைஸ் கொடுத்துப் பார்த்தவர்கள். 1953-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் முதல் பிரான்சைஸ் கடை; ஒரே தடவைக் கட்டணம் 1,000 டாலர். மேற்பார்வை பெரிதாக இல்லை, எடுத்தவர்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பிறகு கிராக் விற்பனையில் 1.9 சதவீதம் வாங்கினார், அதில் 0.5 சகோதரர்களுக்கு. மாதாமாதம் பணம் வந்தால்தான் ஆள் அனுப்பிச் சோதிக்க முடியும். முன்பணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

1961-இல் சகோதரர்கள் 27 லட்சம் டாலருக்கு எல்லாவற்றையும் கிராக்குக்கு எழுதிக் கொடுத்தபோது பெயரும் போய்விட்டது. தாங்களே நடத்திவந்த பழைய கடைக்கே வேறு பெயர்ப்பலகை மாட்ட வேண்டி வந்தது. உங்கள் வணிகச் சின்னம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? சின்னப் பதிவில் உணவகச் சேவைக்கு 43-ஆம் வகுப்பு. சாஸ், மசாலாவுக்கு 30. அப்பா பெயரிலோ உங்களில் ஒருவர் பெயரிலோ இல்லாமல், நீங்கள் மூவரும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். நாளைக்குப் பாகப்பிரிவினை வந்தாலும் பெயர் உடையாது.

பிரான்சைஸே வேண்டாம் என்பதும் ஒரு வழி. 1948-இல் கலிஃபோர்னியாவில் ஸ்னைடர் தம்பதி தொடங்கிய இன்-என்-அவுட் என்ற பர்கர் கடை இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது; எல்லாம் சொந்தக் கிளை. தங்கள் விநியோக மையத்திலிருந்து வண்டி எட்டும் தூரத்தில்தான் கடை திறக்கிறார்கள். மெதுவான வளர்ச்சி, உண்மைதான். என் விருப்பம் இந்தப் பக்கமே சாய்கிறது.

கொடுத்தே தீருவது என்றால் முதலாவது கடை, உங்கள் சமையற்கூடத்திலிருந்து சரக்கு வண்டி காலையில் போய் மாலைக்குள் திரும்பும் தூரத்தில் இருக்கட்டும். மசாலாக் கலவை உங்களிடமிருந்து மட்டுமே போக வேண்டும். மச்சானுக்குக் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: தகராறு வந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியாத ஆளுக்கு வேண்டாம். ராயல்டியை (மாதாமாதம் உங்களுக்கு வரும் பங்கை) விற்பனைமேல் வாங்குவதால், தள்ளுபடி அறிவித்தால் விற்பனை கூடி உங்களுக்கு வரவு, லாபம் குறைந்து கடை எடுத்தவருக்கு இழப்பாகலாம். அதை யார் முடிவு செய்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒப்பந்தம் முறிந்தால் எத்தனை நாளில் பலகையை இறக்க வேண்டும், அந்த இடத்தின் குத்தகை யாருக்கு என்பதையும் சேர்த்து.