புகை வந்தால் அம்மன் மறைகிறாரே, ஏன்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மேடைத் திரையில் காட்ட, பியூர் டேட்டாவில் (பெட்டிகளைக் கம்பியால் இணைத்து நிரல் எழுதும் மென்பொருள்) ஜெம் என்ற காட்சித் தொகுப்பை வைத்து ஒரு காட்சி செய்கிறேன். பின்னால் அம்மன் படம், முன்னால் சாம்பிராணிப் புகை. இரண்டும் பின்னணி நீக்கிய பிஎன்ஜி படங்கள். பின்னால் இருப்பது தெரியும்படி கலக்கும் ஆல்ஃபா பெட்டியைச் சேர்த்தும் புகையைச் சுற்றிக் கறுப்புச் சதுரம் தெரிகிறது; அதற்குள் அம்மன் இல்லை. புகைக்கான பெட்டிகளைக் கேன்வாஸில் (பெட்டிகளை அடுக்கும் பக்கத்தில்) கீழே நகர்த்தியும் பார்த்துவிட்டேன்."

ஆல்ஃபாவில் கோளாறு இல்லை. பெட்டிகளை எங்கே நகர்த்தினாலும் பலன் இருக்காது. கேன்வாஸில் எது மேலே, எது கீழே என்று ஜெம் பார்ப்பதில்லை. புகை முதலில் வரையப்படுகிறது, அதுதான் சிக்கல்.

ஒரு புள்ளியை வரையும்போது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும், ஜெம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல் குறித்துக்கொள்ளும். அப்புறம் அதே இடத்தில் அதைவிடத் தள்ளியிருப்பது எது வந்தாலும் ஒதுக்கிவிடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான்: உங்கள் புகைப் படத்தில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாத ஓரங்கள்கூடத் துண்டு போட்டுவிடுகின்றன. பின்னால் வரும் அம்மனுக்கு அங்கே இடமில்லை. புகை கலந்தது அந்த நேரத்தில் திரையில் இருந்த கறுப்போடு, அவ்வளவுதான்.

சரி, வரிசையை எப்படி மாற்றுவது? ஒவ்வொரு படத்தையும் வரையத் தொடங்கிவைக்கும் ஜெம்ஹெட் பெட்டிக்குள், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் எழுதுங்கள். சிறிய எண் முதலில் வரையப்படும், எழுதாவிட்டால் 50. உங்களுடைய இரண்டும் இப்போது 50-இல் நிற்கின்றன என்று நினைக்கிறேன். அம்மனுக்கு 'ஜெம்ஹெட் 10', புகைக்கு 'ஜெம்ஹெட் 30' என்று கொடுத்தால் சதுரம் போய்விடும். நடுவில் இடம் விட்டே எண் கொடுங்கள். உபயகாரர் பெயரையும் போடச் சொல்லிக் கோயில் குழு கடைசி நேரத்தில் வந்து நிற்கும்; அதை 60-இல் வைத்தால் எல்லாவற்றுக்கும் பிறகு வரையப்படும்.

டெப்த் என்ற பெட்டியால் அந்தத் தூரச் சோதனையையே நிறுத்தவும் முடியும். தட்டையான படங்கள் மட்டும் என்றால் அது நல்ல வழி, பிறகு எண் வரிசைதான் எல்லாம். ஆனால் சுழலும் கனசதுரம் ஏதாவது வைத்திருந்தால் அதன் பின்பக்கம் முன்பக்கத்தின் மேலேயே வந்து விழும்.

ஒரே ஜெம்ஹெட்டிலிருந்து இரண்டு கம்பி இழுத்திருந்தால் எண் உதவாது. அப்போது எந்தக் கம்பியை முதலில் இணைத்தீர்கள் என்பதை வைத்து வரிசை அமையும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நடுவே 'டிரிக்கர் ஏ ஏ' என்ற பெட்டியை வையுங்கள். அது வலமிருந்து இடமாக அனுப்பும், ஆகவே அம்மன் வலப்பக்கம், புகை இடப்பக்கம். இரண்டு கிளைகளின் தலைப்பிலும் செப்பரேட்டர் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் அம்மனை நகர்த்தினால் புகையும் கூடவே நகரும்.

புகை அம்மனுக்குப் பின்னாலும் சுற்றி வரவேண்டும் என்றால் இரண்டையும் தனித்தனி ஜெம்ஹெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புகை பின்னால் போகும் நேரத்தில் அதன் ஜெம்ஹெட்டுக்கு 'செட் 5' என்று செய்தி அனுப்புங்கள், முன்னால் வந்ததும் 'செட் 30'.