லிட்டருக்கு 22 ரூபாய் 50 காசு

மதிப்பிற்குரிய ஐயா,

வெள்ளகோவில் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் செய்கிறேன். கோவையில் பார்த்த ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நோக்கம் இரண்டு. சனங்களுக்கு நல்ல எண்ணெய். விவசாயிக்கு மார்க்கெட்டை விடக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல். அந்தப் பத்தையும் சேர்த்து நிலக்கடலைப் பருப்பைக் கிலோ 130-க்கு எடுக்கிறேன், எண்ணெயை லிட்டர் 280-க்குக் கொடுக்கிறேன். நாளுக்கு 100 கிலோ, மாதம் 20 நாள் ஆட்டுகிறோம். 42 கிலோ எண்ணெய் இறங்கும், புண்ணாக்கு 55 கிலோ, அது கிலோ 40-க்கு வியாபாரிக்குப் போகிறது. எல்லாம் கழித்து லிட்டருக்கு 37 ரூபாய் நிற்கிறது. ஆனால் கையில் காசு தங்குவதில்லை. அம்மாவும் சித்தியும் பருப்புப் பொறுக்குகிறார்கள். மனைவி பள்ளி ஆசிரியை. சில மாதம் பாட்டில் வாங்கும் பணம் அவள் சம்பளத்திலிருந்துதான். விலையை ஏற்றினால் நோக்கம் கெட்டுவிடுமோ என்று கூச்சமாக இருக்கிறது. கடன் வாங்கி இரண்டாவது செக்குப் போடலாமா? தொழில்முனைவோனாக என்னை வளர்த்துக்கொள்ள தினமும் 5 மணிக்கு எழுகிறேன், தியானம் செய்கிறேன். 35,000 ரூபாயில் ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது, சேரலாமா? என்ன புத்தகங்கள் படிக்கலாம்?

க., வெள்ளகோவில்

அன்புள்ள க.,

5 மணிக்கு எழுவதை விடுங்கள். உங்கள் ஊரில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் 4 மணிக்கே எழுகிறார்கள், யாரும் அதை யாருக்கும் எழுதிச் சொல்வதில்லை. தியானம் நல்லது, செய்யுங்கள். இரண்டாவது செக்கு இப்போது வேண்டாம். ஏன் என்பது கீழே உள்ள கணக்கிலேயே தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 37 ரூபாய்தான். இயற்கைச் சந்தைகளில் கடை போடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதே எண்ணம் வரும். பதாகையில் நோக்கம் பெரிய எழுத்தில் இருக்கும், அடக்கவிலை எந்த நோட்டிலும் இருக்காது.

போட்டுப் பார்ப்போம். நூறு கிலோ பருப்புக்கு 13,000 ரூபாய். புண்ணாக்கில் 2,200 திரும்பி வருகிறது. மிச்சம் 10,800. எண்ணெய் 42 கிலோ, வெயிலில் வைத்துத் தெளியவிட்டால் கசடாக ஒன்றரை கிலோ போய்விடும். அதைத் தெளியவிடாமல் அடைத்தால் பாட்டில் அடியில் மண்டி நிற்கும், சீக்கிரமே சிக்கு வாடை வரும். ஆக 40.5 கிலோ. கடலை எண்ணெய் லிட்டருக்கு 910 கிராம் வரும் என்பதால் 44.5 லிட்டர். 10,800-ஐ 44.5-ஆல் வகுத்தால் 243 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 280-ல் அதைக் கழித்து 37 என்று எழுதிவிட்டீர்கள். அத்தோடு நோட்டையும் மூடிவிட்டீர்கள்.

பாட்டில், மூடி, லேபிள் யார் வீட்டுக் காசு? 14 ரூபாய் வையுங்கள். செக்கு ஓட்டும் ஆளுக்கு 600 ரூபாய் என்றால் லிட்டருக்கு பதிமூன்றரை. 3 ஹெச்பி மோட்டார் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் கரண்டுக்கு இரண்டரை. உங்கள் பக்கத்து நிலவரம் வேறாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கூட்டினால் 273 தொடுகிறது. ஜிஎஸ்டி எண் வாங்கியிருந்தால் 280-ல் ஐந்து சதவீத வரி உள்ளடங்கியிருக்கிறது. உங்களுக்கு நிற்பது 266 ரூபாய் 67 காசு. லிட்டருக்கு 6 ரூபாய் நட்டம், மாதம் 890 லிட்டருக்கு ஐயாயிரத்துச் சொச்சம். அதைத்தான் உங்கள் மனைவி பாட்டில் காசு என்ற பெயரில் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது செக்குப் போட்டால் பத்தாயிரம் கட்டுவார்.

இன்னும் முடியவில்லை. ‘அரிசி ஆழாக்கானாலும் அடுப்புக் கட்டி மூன்று வேண்டும்’ என்பார்கள். செக்கு ஓடும் அப்பாவின் சாளைக்கு, அந்தத் தோட்டத்துக் கொட்டகைக்கு, நீங்கள் வாடகை கொடுப்பதில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. வாடகை, வண்டி, உடைந்து ஒழுகியது என்று லிட்டருக்கு 8 ரூபாய் எழுதுங்கள். உங்களுக்குச் சம்பளம் மாதம் 25,000 எழுதுங்கள், 28 ரூபாய். அதற்குக் கூச்சப்பட்டால் நாளைக்கே கடையைப் பூட்டிவிட்டு உண்டியல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அதுவாவது நேர்மையாக இருக்கும்.

அடுத்தது அம்மாவும் சித்தியும். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லேபிளில் மரச்செக்கு, வாகை உலக்கை, குறைந்த சூடு என்றெல்லாம் இருக்கும். சரிதான். ஆனால் நிலக்கடலையில் உண்மையான நஞ்சு என்பது பூஞ்சையால் வரும் அஃப்ளாடாக்சின். காய் சரியாகக் காயாமல் மூட்டையில் ஏறினால் வரும். காய் முற்றும் காலத்தில் வறட்சி அடித்தால் வயலிலேயே வரும். பெரிய ஆலைகளின் சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. நீங்கள் சுத்திகரிப்பதில்லை, அதுதானே உங்கள் பெருமை? அப்படியானால் பூஞ்சைப் பருப்பு செக்கில் விழுந்தால் அந்த நஞ்சில் ஒரு பங்கு எண்ணெயிலும் பெரும்பங்கு புண்ணாக்கிலும் போகும். புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அது இறங்கும். இதைத் தடுக்க உங்கள் சாளையில் இருக்கும் ஒரே வழி, சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை படிந்த பருப்பைக் கையால் பொறுக்கி எறிவது. அந்த வேலையை அம்மாவும் சித்தியும் குனிந்த முதுகோடு நாள் முழுக்கச் செய்கிறார்கள்.

உங்கள் நோக்கத்தில் ‘நல்ல எண்ணெய்’ என்ற பாதியைச் சுமப்பவர்கள் அவர்கள். அவர்களுக்குத்தான் கூலி இல்லை. முகம் தெரியாத விவசாயிக்கு மாதம் 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், சொந்தச் சித்திக்கு ஒரு டீ. பாசத்தில் செய்கிறார்கள் என்று சொல்வீர்கள். பாசத்தில் செய்பவர் கண் வலித்தால் நிறுத்திவிடுவார். நீங்களும் கேட்க முடியாது. கூலி வாங்குபவரிடம்தான் ‘இந்த மூட்டையில் நாலு கறுப்பு தப்பியிருக்கிறது, திரும்பப் பாருங்கள்’ என்று சொல்ல வாய் வரும். ஆளுக்கு நாள் 400 ரூபாய், லிட்டருக்கு 18. எழுதுங்கள்.

இப்போது கூட்டுங்கள். 273, 8, 28, 18. ஆக 327. வரியோடு 343. நீங்கள் 280-க்குக் கொடுக்கிறீர்கள்.

அந்தப் பத்து ரூபாய்க்கு வருகிறேன். நூறு கிலோவுக்கு ஆயிரம், லிட்டருக்கு 22 ரூபாய் 50 காசு. உங்கள் லட்சியத்தின் அடக்கவிலை இதுதான். இது தெரியாமலா இரண்டு வருடம் ஓட்டினீர்கள்? கோவையில் சங்கரா கண் மருத்துவமனையை எல்லோரும் புகழ்கிறோம். நூற்றுக்கு இருபது பேர் காசு கொடுத்தால் எண்பது பேருக்கு இலவசமாகப் பார்க்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்து வகுத்திருக்கிறார். கணக்கு போட்ட பிறகுதான் தருமம் தொடங்கியது. உங்களிடம் யார் அந்த இருபது பேர்? மனைவி ஒருவர்தான்.

பத்து ரூபாயை நிறுத்தச் சொல்லவில்லை. சும்மா கொடுக்காதீர்கள், நன்றாகக் காய்ந்த பருப்புக்குக் கொடுங்கள். ஈரம் பத்து சதவீதம் உள்ள பருப்பை வாங்கினால் நூறு கிலோவில் பத்துக் கிலோ தண்ணீருக்கும் கிலோ 130 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஆறு சதவீதத்துக்குக் காய்ந்திருந்தால் அதே நூறு கிலோவில் எண்ணெய் 42-க்குப் பதில் 44 இறங்கும். விவசாயி ஏன் காயவிடுவதில்லை? காய்ந்தால் எடை குறையும், கூடுதல் எடையில் வரும் காசு போகும். மார்க்கெட் அவருக்கு அதற்கு ஈடு தருவதில்லை. அந்த ஈட்டைத்தான் உங்கள் பத்து ரூபாய் கொடுக்க வேண்டும். காயைக் காதோரம் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும், பருப்பை நசுக்கினால் வளையாமல் உடைய வேண்டும், விரலால் தேய்த்தால் தோல் கழன்று வர வேண்டும். இப்படி வந்தால் 130, இல்லாவிட்டால் மார்க்கெட் விலை. முகத்தைப் பார்த்து இளகாதீர்கள்.

காய்ந்த, பொறுக்கிய பருப்பின் புண்ணாக்கை வியாபாரியிடம் 40-க்குத் தள்ளாமல் பக்கத்துப் பால்காரர்களிடம் நேராகப் போங்கள். 50 ரூபாய் கேட்கலாம். கறவை குறைந்தால் மறுநாள் காலையில் உங்கள் வாசலில் நிற்பார்கள், அதைவிடத் தரச் சோதனை வேண்டுமா? திரும்ப வகுத்துப் பாருங்கள். எண்ணெய் 46.7 லிட்டர், புண்ணாக்கு 53 கிலோ, சரக்கு அடக்கம் 243-லிருந்து 222-க்கு இறங்குகிறது. 21 ரூபாய். விவசாயிக்குக் கொடுத்த 22 ரூபாய் 50 காசு ஏறக்குறைய வீடு வந்துவிட்டது, அவரும் பத்து ரூபாயை இழக்கவில்லை. வரியோடு 320 பக்கம் விலை வைக்கலாம். தூக்குப்போசி கொண்டுவருபவருக்குப் பாட்டில் காசைக் கழித்து 305. ‘நமக்கே இந்த விலையா மாப்ளே’ என்று உறவுக்காரர் கேட்பார். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பத்து ரூபாய் குறைத்துவிடுவீர்கள். நீங்கள் கேட்ட ‘வளர்ச்சி’யில் எனக்குத் தெரிந்து அந்த அரை நிமிடம்தான் கடினமானது.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தீர்கள், அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. பயிற்சி வகுப்புக்கு வைத்திருக்கும் 35,000-ஐ எடுத்து இந்தச் சனிக்கிழமையிலிருந்து அம்மாவுக்கும் சித்திக்கும் வாரக்கூலி கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு 32,000 ஆகும். மிச்சம் 3,000-த்தில் நல்ல சல்லடை ஒன்று வாங்குங்கள். சுருங்கிய பருப்பும் உடைசலும் முதலிலேயே கீழே விழுந்துவிட்டால் அவர்கள் பொறுக்க வேண்டியது வெகுவாகக் குறையும்.