குளியலறையில் சுருளும் பூச்சிக்கு ஆண்டு ஒப்பந்தம் தேவையா?

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து எங்கள் குளியலறையிலும் பின்வாசல் படியோரத்திலும், தொட்டவுடன் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சிகள் நாள்தோறும் தென்படுகின்றன. பார்வையிட வந்த பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார், இவை மரத்தை அரிக்கும், விட்டுவைத்தால் கதவு நிலைகள் போய்விடும் என்று கூறி, ஆண்டு ஒப்பந்தத்துக்கு 6,000 ரூபாய் கேட்டு, 1,000 ரூபாய் முன்பணமும் பெற்றுச் சென்றனர். மீதியைக் கொடுக்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் விவரிப்பது பூச்சியினமே அன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான, ஏழு இணைக் கால்கள் கொண்ட சிற்றுயிர். வயிற்றின் அடியில் உள்ள செவுள் போன்ற உறுப்புகளால் மூச்சுவிடுவதால் ஈரம் இல்லாமல் அதனால் பிழைக்க முடியாது. வழிதவறிக் கூடத்துக்குள் வருபவை சில நாள்களில் காய்ந்து செத்துப்போகும். கடிக்காது, நோய் பரப்பாது. அதன் உணவு மக்கிய சருகும் ஏற்கெனவே உளுத்துப்போன மரமும்தான். நல்ல மரத்தை அது அரிப்பதில்லை.

ஆயினும், அவர்கள் சொன்னதில் நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. குளியலறைக் கதவு நிலையின் அடிப்பகுதியில், தரையை ஒட்டிய இடத்தில், ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை மெல்ல அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் மரம் ஈரத்தில் ஊறி உளுத்திருக்கிறது என்று பொருள். அதற்குத் தேவை தச்சர். சுவரிலோ நிலையிலோ மண் பாதை கோடாக ஏறியிருந்தாலோ, தட்டும்போது மரம் பொள்ளலாக ஒலித்தாலோ மட்டுமே அது கரையான். அதற்கான மருந்துவேலை வேறு, விலையும் வேறு.

ஈரம் இருக்கும் வரை, எத்தனை முறை மருந்து அடித்தாலும் தோட்டத்திலிருந்து புதியவை வந்துகொண்டேதான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் நம் கடற்கரைப் பகுதியில் ஈரத்தை முழுவதும் ஒழிக்க இயலாது என்றாலும், சுவரை விட்டு அதைத் தள்ளிவைக்க இயலும். சுவரோரம் குவிந்த தென்னை மட்டை, விறகு, பழைய செங்கல், பூந்தொட்டி ஆகியவற்றை ஓரிரு அடி விலக்குங்கள். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் அடித்தளத்தின் மீதே கொட்டாமல் தள்ளி விழச் செய்யுங்கள். ஒழுகும் குழாயையும் ஓதம் ஏறும் சுவரையும் சரிசெய்யுங்கள். பணம் செலவழிப்பதானால் பின்வாசல் கதவின் அடியில் பொருத்தும் ரப்பர் பட்டைக்கும், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் ஒயிட் சிமென்டுக்கும் செலவழியுங்கள். உள்ளே வந்தவற்றைத் துடைப்பத்தால் கூட்டி வெளியே போட்டால் போதும். பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் சில வீடுகளில் உண்டு; அதனால் எழும் குளோரின் வாயு, இந்த உயிரியைவிடப் பன்மடங்கு தீங்கானது.

இனி முன்பணம். பூச்சி ஒழிப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தின் நகலையும், அடிக்கவிருந்த மருந்தின் பெயரையும், முன்பணத்துக்கான ரசீதையும் எழுத்து வழியே கேளுங்கள். வேலை இன்னும் தொடங்கப்படாத நிலையில், தவறான தகவலை நம்பிக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருமாறும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் பயன் இல்லையெனில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 1,000 ரூபாய்க்காக ஆணையம் வரை அலைவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. பெரும்பாலும் எழுத்து வழிக் கடிதமும் 1915 புகாருமே போதுமானவை.