வரிகள் சரியாகப் புரியாமலே உங்களைக் கலங்கவைத்த ஆங்கிலப் பாடல் எது?

போன் ஈவேர் குழுவின் 'ஹோலோசீன்'. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே முதல் தடவை வரிகள் பிடிபடாது, அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின்காரரான ஜஸ்டின் வெர்னன் தொடங்கிய குழு இது. 2011இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. விரலால் மீட்டும் கிட்டார், அதன்மேல் பொய்க்குரலில், அதாவது இயல்பான குரலைத் தாண்டிய மெல்லிய குரலில், உச்சத்தில் பாடும் வெர்னன். அதே குரலைப் பல அடுக்காகப் பதிவுசெய்து சேர்த்திருப்பதால், ஒருவர் தனியாகப் பாடுவதும் கும்பலாகப் பாடுவதும் ஒன்றாகக் கேட்கும். ஐந்தரை நிமிடத்தில் எங்குமே கதறல் கிடையாது.

கதையும் கிடையாது. மில்வாக்கி நகரில் தடுமாறி நிற்கும் ஒருவன், ஹாலோவீன், சகோதரனோடு ஒரு கிறிஸ்துமஸ் இரவு என்று துண்டு துண்டாக நினைவுகள். பல்லவிதான் விஷயம்: நான் ஒன்றும் பிரமாதமானவன் இல்லை என்று சட்டென்று புரிந்துபோனது, பனி அடர்ந்த வெளியில் மைல் கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தது என்கிறார். வேலையில்லாமல் வீட்டில் கிடந்த காலத்தில் இதைக் கேட்டேன். 'உன்னால் முடியும்' என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 'நீ பெரிய ஆள் இல்லை, பரவாயில்லை' என்று ஒரு பாட்டு சொன்னது எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

வீடியோவை நபீல் எல்டர்கின் ஐஸ்லாந்தில் எடுத்திருக்கிறார். பாட்டில் வரும் ஊரையோ ஆட்களையோ காட்டவே இல்லை. பல்லவியில் உள்ள பனியையும் தூரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வெட்டவெளியில் ஒரு சிறுவனைத் தனியாக நடக்கவிட்டிருக்கிறார். ஸ்லோ மோஷன் கொஞ்சம் அதிகம், சில ஷாட்கள் சுற்றுலா விளம்பரம் மாதிரிகூட இருக்கும். ஆனால் அந்தப் பையன் அழவில்லை, வேடிக்கை பார்க்கிறான். மலைக்கு முன்னால் எறும்பாகத் தெரிகிறோமே என்ற கவலையே அவனுக்கில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது அங்கேதான்.

2012 கிராமி இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த பதிவு இரண்டுக்கும் இது பரிந்துரைக்கப்பட்டது. இரண்டையும் பாடகி அடெல் தட்டிச் சென்றார். இரண்டாவது ஆல்பம் போட்டவர்களுக்குச் சிறந்த புதுமுகம் விருதைக் கொடுத்து அனுப்பினார்கள், அது தனிக் கூத்து!

முதலில் வீடியோ இல்லாமல் ஹெட்போனில் கேளுங்கள். பிறகு பெரிய திரையில் பாருங்கள். போனில் பார்த்தால் பையன் கண்ணுக்கே தெரியமாட்டான்.