காலி டிராலியின் ஒரு முன்சக்கரம் மட்டும் தடதடவென்று ஆடுவது ஏன்? கிரீஸ் போட்டால் நிற்குமா?

நிற்காது, ஆட்டம் இன்னும் கூடும். நீங்கள் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் போட்டவன்தான், அதற்குத் திட்டும் வாங்கியவன்.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் 19 வருடமாக ஃபிட்டர் வேலை. ஒருநாள் வார்டு அட்டெண்டர், "இன்னா நைனா, இது சாமி வந்த மாதிரி ஆடுது" என்று ஒரு ஸ்டிரெச்சரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நோயாளி படுத்திருந்தால் ஒழுங்காகப் போகும். காலியாக வராந்தாவில் வேகமாகத் தள்ளினால் இடது முன்சக்கரம் தலையை ஆட்டும். சூப்பர்வைசர் குனிந்துகூடப் பார்க்காமல் "கிரீஸ் போடு" என்றார். சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் மேல் மூட்டில், அதாவது கழுத்தில், போட்டேன். மறுநாள் இன்னும் மோசம். "ஒரு கிரீஸ்கூட ஒழுங்கா போடத் தெரியல" என்று சிஸ்டர்கள் எதிரிலேயே சொன்னார்.

அந்தச் சமயம் ப்ராஜெக்டுக்கு வந்திருந்த மெக்கானிக்கல் பையன் ஒருவன், "விடுங்கண்ணா, ஓட்டிப் பார்த்துடலாம்" என்றான். பிசியோதெரபியில் கழித்துப்போட்ட டிரெட்மில் ஒன்று கிடந்தது. சக்கரத்தை ஒரு பலகையில் மாட்டி, பெல்ட் மேல் உட்கார வைத்தோம். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும், தரை மட்டும் ஓடும். மெதுவாக ஓடும்போது விரலால் சுண்டினால் இரண்டு ஆட்டத்தில் அடங்கியது. வேகத்தைக் கூட்டிச் சுண்டினால் அடங்கவில்லை. வளர்ந்து, ஓர் அளவுக்கு வந்ததும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. கழுத்து நட்டைக் கால் சுற்று முறுக்கினேன். அதே வேகம், சத்தமே இல்லை.

காரணம் இதுதான். சக்கரத்தின் அச்சு கழுத்துக்கு நேர் கீழே இருக்காது, இரண்டு விரல் பின்னால் தள்ளி இருக்கும். அதனால்தான் தள்ளும் பக்கம் தானாகத் திரும்புகிறது. சக்கரம் லேசாகக் கோணினால், தரையைப் பற்றியிருக்கும் ரப்பர் பக்கவாட்டில் வளைந்து அதை நேராக்க இழுக்கும். ஆனால் அந்த இழுப்பு கொஞ்சம் பிந்தி வருகிறது, அதற்குள் சக்கரம் நேரைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தெம்பு, நீங்கள் தள்ளும் தள்ளில் இருந்தே போகிறது. கழுத்தில் உராய்வு இருந்தால் அது அந்தத் தெம்பைத் தின்றுவிடும். ஆள் படுத்தால் எடை ஏறி உராய்வு கூடும், காலியாக இருந்தால் குறையும். நான் கிரீஸ் போட்டு மிச்சம் இருந்ததையும் வழித்து எடுத்துவிட்டேன்.

இதற்கு ஷிம்மி என்று பெயராம். விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கும் இதே வியாதி உண்டு, அதை அடக்க டேம்பர் மாட்டுகிறார்கள். 1941-லேயே ஜெர்மனியில் ஷ்லிப்பே, டீட்ரிச் என்ற இருவர், டயரை இழுத்துக் கட்டிய நாண் போலப் பாவித்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் பசெய்கா 1966-ல் இதிலேயே டாக்டர் பட்டம் வாங்கினார். பையனின் நோட்டில் பார்த்தேன்: கழுத்தின் கோணத்துக்கு ஒரு சமன்பாடு, ரப்பரின் வளைவுக்கு இன்னொன்று. சின்ன ஆட்டம் அடங்குமா, வளருமா, எந்த வேகத்தில் கட்சி மாறும் என்பதைத்தான் அதில் தேடுகிறார்கள்.

எஞ்சினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கிரீஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. அச்சு பேரிங்குக்குப் போடுங்கள். கழுத்து நட்டையும் ஒரேயடியாக முறுக்கினால் வண்டி வளைவில் திரும்பாது. நான் ஒரு ஃபைபர் வாஷர் கொடுத்து, கையால் திருப்பினால் லேசாகப் பிடிக்கிற அளவுக்கு வைத்தேன்.

அந்த வாஷருக்கு இண்டெண்ட் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன் தெரியுமா? எங்கள் ஊரைப் பற்றி ஆறு உண்டு தண்ணீர் இல்லை, மலை உண்டு மரம் இல்லை என்பார்கள். எங்கள் ஸ்டோரில் ரிஜிஸ்டர் உண்டு, சாமான் இல்லை. கடைசியில் என் காசில்தான் வாங்கினேன். பையனின் ரிப்போர்ட்டில் முதல் நன்றி சூப்பர்வைசருக்கு. டிப்ளமோவுக்கு நாற்காலி, ஐடிஐக்கு ஸ்டூல் என்று இருக்கிற இடத்தில் வேறு எப்படி நடக்கும்?

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் அச்சில் முடி, நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் நான்கு சக்கரமும் தரையில் சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள். பட்டும் படாமலும் நிற்கிற சக்கரம்தான் பெரும்பாலும் ஆடும். அதன் பிறகு ஸ்பானரை எடுங்கள்.